பச்சைப் பெட்டி மழை

உ

நயினார்கோவில், மேன்மை பொருந்திய சம்பந்தி முத்திருளப்பன் அவர்கள் சமூகத்துக்கு,

கடலாடிக்குத் தெற்கே, பஸ் வந்து திரும்பிப் போகிற ஊரிலிருந்து தங்கள் சம்பந்தி சின்னக்கருப்பன் கைப்பட எழுதிக்கொள்வது. இங்கே நானும், என் சம்சாரம் பூமயிலும், சினையாக நிற்கிற செவலைப் பசுவும், களத்தில் காய்கிற மிளகாய் வத்தலும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே தாங்களும், சம்பந்தியம்மாளும், மாப்பிள்ளை அருள்முருகனும், என் மகள் மாரிச்செல்வியும், எல்லாருக்கும் மேலாக என் பேத்தியும் நோய் நொடி அண்டாமல் இருக்க உங்கள் ஊர் நாகநாத சுவாமியைப் பொறுப்பாக்கி மேற்கொண்டு எழுதுகிறேன்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். போன் போட்டால், தங்களுக்கு ஒரு காது மந்தம் என்று மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். நான் ‘சம்பந்தி’ என்று ஆரம்பிப்பதற்குள் அடுப்படியிலிருந்து மாரிச்செல்வி, “அய்யா, பொகைய விட்டாச்சா?” என்று கேட்கிறாள். வயசான காலத்தில் மகளுக்குப் பயந்துகொண்டு எத்தனை தடவைதான் சிக்னல் கிடைக்கவில்லை என்று சொல்வது? அவள் காதுக்கு எட்டாமல் தங்களிடம் ஒரு நியாயம் கேட்க வேண்டியிருக்கிறது. ஆகையால் இதைத் தாங்கள் மாட்டுக் கொட்டத்துப் பக்கம் தனியாகப் போய் நின்று வாசிக்கவும்.

நடந்தது தங்களுக்குத் தெரியாததல்ல. ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் பேத்தி பிறந்த அன்று, பதற்றத்தில் வாசலில் நின்று ஒரு பீடியை இழுத்துவிட்டு உள்ளே ஓடி, பிள்ளையைத் தூக்கக் குனிந்தேன். பிள்ளை மூக்கைச் சுளித்துத் தும்மியது. பிறந்து அரை நாள்கூட ஆகாத பிள்ளைக்கு அவ்வளவு தெளிவான அபிப்பிராயம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நர்சம்மா, “பெரியவரே, பீடி வாசத்தோட புள்ளையத் தொடாதீங்க, வெளிய நில்லுங்க” என்று என் வெள்ளை வேட்டியையும் பார்க்காமல் அனுப்பிவிட்டாள். அப்புறம் பிள்ளைக்கு நெஞ்சு இரைப்பு வந்ததும், டாக்டர் புகையே ஆகாது என்றதும், தலைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்கு வரவேண்டியவள் மாமியார் வீட்டுக்குப் போனதும், “அங்கன பொகை இருக்கிற வரைக்கும் எம்புள்ளை வராது” என்று மாரிச்செல்வி சொன்னதும் ஊரறிந்த கதை. பேத்தி இப்போது குப்புற விழுகிறாளாம். நான் இன்னும் அவளை ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

ஆகவே பூமயில் ஒரு வழி சொன்னாள். காசிக்குப் போகிறவர்கள் மனசுக்குப் பிடித்ததை அங்கே விட்டுவிட்டு வருவார்கள் அல்லவா. “நமக்குக் காசி எட்டாது, ராமேசுவரம் எட்டும், அங்கன போயி பீடியக் கடல்ல விட்டுட்டு வாங்க” என்றாள். தை அமாவாசைக்குப் போனோம். அக்கினி தீர்த்தத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கிழக்கே பார்த்துக் கும்பிட்டு, ஒரு முழுக் கட்டுப் பீடியைச் சமுத்திரத்தில் விட்டேன். சம்பந்தி, அந்தக் கடலில் அலை என்று பேருக்குக்கூட ஒன்று கிடையாது என்பதை நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. பீடிக் கட்டு என் தொப்புளுக்கு நேரே மிதந்துகொண்டு நின்றது. தள்ளிவிட்டேன், சுற்றிக்கொண்டு வந்தது. முங்கி எழுந்தேன், முன்னால் நின்றது. கடைசியில் தர்ப்பணம் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு வெளியூர்க்காரர் அதை மரியாதையாக எடுத்து, தண்ணீரை உதறி, “ஐயா, உங்களோடதா பாருங்க” என்று என் கையிலேயே கொடுத்துவிட்டார். அப்புறம் பூமயில்தான் அதைப் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். கோயிலுக்குள் அத்தனை கிணற்றிலும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டு, பல் கிட்டிக்க வெளியே வந்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. இத்தனை வயசுக்கு நான் உடம்பு குளிர்ந்து நடுங்கியதே இல்லை. நம்ம தண்ணியில்லாக் காட்டில் பிறந்தவனுக்குக் குளிர் என்பது சொர்க்கத்துக்குப் போகிற வழியில் வருகிற ஊர் மாதிரி.

பீடியை அன்றோடு விட்டேன். அது சத்தியம். நாகநாதர் சன்னதியில் சூடம் அடிக்கச் சொன்னாலும் அடிப்பேன். ஆனால் விட்டவனுக்குத்தான் இருமல் அதிகமாகும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தொண்டைக்குப் புதினா மிட்டாயும் நெஞ்சுக்குத் தைலமும் வாங்கலாம் என்று ராமநாதபுரம் போய், பாக்கர் கடையில் நின்றேன். பாக்கர் கீழக்கரைக்காரர், சென்ட்டு, தைலம், வெளிநாட்டுச் சாமான் எல்லாம் வைத்திருக்கிறவர், என் வத்தலை வருஷா வருஷம் வீட்டுக்கு வாங்குகிறவர். அவர் மிட்டாயை எடுக்கிற நேரத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பச்சைப் பெட்டியைப் பார்த்தேன். மேலே பனி விழுந்த மாதிரி ஒரு மினுக்கம். எடுத்து மோந்தால் தைல வாசம், புதினா வாசம். “இதுவும் தொண்டைக்குத்தானா பாய்?” என்றேன். “அண்ணே, மிட்டாய் கேட்டீக, குடுத்தேன். இது மிட்டாய் இல்ல, சிகரெட்டு. மேல குளுகுளுன்னு இருக்கும், உள்ள இருக்கிறது அதே புகையிலைதான். இதத் தொட்டா விடுறது கஷ்டம். எங்க மச்சான் பெரியாஸ்பத்திரில பொகைய விட வைக்கிற ரூமுக்கு மாசக்கணக்கா நடந்துதான் விட்டார்” என்றார். வியாபாரி தன் சரக்கைத் தானே குறை சொன்னால் அதில் ஏதோ நல்லது இருக்கிறது என்று வாங்கிவிட்டேன். பெட்டியில் போட்டிருந்த பயங்கரமான படத்தை மறைக்கப் பஸ் டிக்கெட்டை எச்சில் தொட்டு ஒட்டிக்கொண்டேன்.

சம்பந்தி, இனி நான் எழுதுவதைக் கொஞ்சம் பொறுமையாக வாசிக்க வேண்டும். பங்குனி மத்தியானம். களத்தில் வத்தல் செக்கச்செவேல் என்று காய்கிறது, காற்று கண்ணை எரிக்கிறது, காக்காய்கூட வாயைத் திறந்துகொண்டு வேலிக்கருவை நிழலில் உட்கார்ந்திருக்கிறது. நானும் அந்த நிழலில் உட்கார்ந்து ஒன்றை எடுத்தேன். அதன் அடியில், பஞ்சுக்குள் ஒரு சின்ன உருண்டை இருக்கிறது. விரலால் அமுக்கினால் ‘டிக்’ என்று உடையும். உடைத்துப் பற்றவைத்து இழுத்தேன். இருமல் வரும் என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. தொண்டைக்குள் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். இன்னும் ஆழமாக இழுத்தேன், இன்னொரு ஜன்னல். கண்ணை மூடினால் நம்ம வறண்ட கண்மாய் நிறைந்து கிடக்கிறது. கரை தொட்டுத் தண்ணீர், தண்ணீருக்கு மேலே மேகத்தின் நிழல், நாரைகள் சத்தமில்லாமல் இறங்குகின்றன. கரையில் என் பேத்தி, இன்னும் நடக்கப் பழகாதவள், தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்த்துத் தும்மவில்லை. கையை நீட்டுகிறாள். நான் எட்டு வைத்துப் போகிறேன், கிட்டப் போகப் போக சிகரெட் குட்டையாகிறது, தூக்கப்போகிற நேரத்தில் விரல் சுடுகிறது. கண்ணைத் திறந்தால் களமும் காக்காயும்தான். வேறென்ன செய்வது, அடுத்ததை எடுத்தேன். ஒரு நாளாவது அவளைத் தூக்கிவிடலாம் என்றுதான் ஒன்றுக்குப் பின் ஒன்றாக எடுக்கிறேனே தவிர, எனக்கு அதன் மேல் ஆசை என்று தாங்கள் நினைக்கக்கூடாது.

இதில் சின்னதாக ஒரு சங்கடம் நேர்ந்தது. ஊரில் எனக்கு மழை மூக்கு என்று ஒரு பேர் இருப்பது தங்களுக்குத் தெரியும். டி.வி.யில் சொல்வதை நம்பாதவர்கள் நான் மூக்கை உயர்த்தினால் நம்புவார்கள். அன்றைக்கு அந்த ஜன்னல் காற்றிலேயே எழுந்து நின்றவனுக்கு, கிழக்கே நிஜமாகவே ஈரக்காற்று கிளம்பிவிட்டது என்று பட்டது. ஓடிப்போய்த் தார்ப்பாயை இழுத்து வத்தலை மூடினேன். பக்கத்துக் களத்து ராம்குமார் பார்த்தான். “மாமா மூடிட்டாரு, ஏலே, எல்லாரும் மூடுங்க” என்று கத்தினான். ஊரே ஓடிவந்தது. பாய், சாக்கு, தார்ப்பாய், கலியாணப் பந்தல் துணி என்று அகப்பட்டதைப் போட்டு மூடினார்கள். மூடிவிட்டு எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். வானத்தில் ஒரு நூல் மேகம் இல்லை. வெயில் மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. “மாமா, மழை எங்கிட்டு வருது?” என்றான் ராம்குமார். “கடல்ல பெய்யுதுப்பா” என்று சொல்லிச் சமாளித்தேன். மறு வாரம் அதே நிழல், அதே குளிர்ச்சி. கையில் சில்லென்று ஒரு பொட்டு விழுந்தது. பெட்டிக்குள் இருக்கிற மழை வெளியே வந்துவிட்டது, நல்ல சரக்குதான் என்று கண்ணை மூடிச் சுகமாக இழுத்துக்கொண்டே இருந்தேன். அது நிஜ மழை. நான் சும்மா இருந்ததைப் பார்த்து யாரும் மூடவில்லை. ஊர் வத்தல் முழுக்க நனைந்து, நிறம் செத்து, விலை போகாத சண்டு வத்தலாகிவிட்டது. இப்போது நான் மூக்கைச் சொறிந்தால்கூட ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

பூமயில் விஷயத்தைச் சொல்ல வேண்டும். நாற்பது வருஷமாகப் பீடி வாசத்துக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னோடு குடித்தனம் செய்தவள், இந்த வாசத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை. நான் தைலம் தேய்க்கிறேன் என்று நினைத்துவிட்டாள். “நல்ல புத்தி வந்துருச்சு, வாசமா இருக்கீக” என்று இரண்டு நாள் எனக்குக் கூடுதலாகக் கருவாடு வைத்தாள். மூன்றாவது நாள் துணி துவைக்கும்போது பெட்டி அகப்பட்டது. விளக்குமாற்றை எதிர்பார்த்து நான் வேப்பமரத்துப் பக்கம் ஒதுங்கினேன். அவளோ ஒன்றை எடுத்து மோந்து பார்த்து, “இதுல ஏதோ உருண்டை இருக்கே” என்று அமுக்கினாள். டிக் என்றது. சிரித்தாள், சம்பந்தி. பூமயில் சிரித்து நான் பார்த்து வெகு காலமாயிற்று. அன்றிலிருந்து, மற்றவர்கள் வீட்டில் வெத்தலை மடித்துக் கொடுக்கிற மாதிரி, அவள் உருண்டையை உடைத்து என் கையில் கொடுப்பாள். பிறகு, உருண்டை ஒழுங்காக உடைந்ததா என்று பார்ப்பதற்காக ஒரு இழுப்பு. பிறகு, தலைவலிக்கு ஒரு இழுப்பு. பிறகு தலைவலி வந்துவிடக் கூடாதே என்று ஒரு இழுப்பு. சாயங்காலம் கட்டிலைத் தூக்கி முற்றத்தில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் சாய்ந்திருப்போம். பனையோலை சலசலக்கும். நான் கண்மாய் நிறைந்ததைச் சொல்வேன். அவள், “கரையில பாப்பா ஒக்காந்திருக்கா, தண்ணியக் காலால தட்டுறா, பாத்தீகளா?” என்பாள். அவளுக்கும் அதே கண்மாய் தெரிகிறது. கலியாணமான புதிதில்கூட நாங்கள் இப்படி உட்கார்ந்து ஒரே கனவைப் பார்த்ததில்லை.

இப்போது நான் கேட்கிற நியாயம் இதுதான். பீடி என்றால் தொண்டையில் ஒரு நாய் கட்டியிருக்கும். இரண்டு இழுப்புக்கு மேல் போனால் குரைக்கும், இருமல் வரும், நாமும் ஒரு பயத்தில் கீழே போடுவோம். இதில் அந்த நாய்க்கே ஐஸ் வைத்துவிட்டார்கள். அது வாலை ஆட்டிக்கொண்டு படுத்திருக்கிறது. குரைக்காத இடத்தில் திருடன் எப்படி இருப்பான்? எரியவில்லை, இருமவில்லை, வாசம் கெட்டதில்லை, நாற்றம் பொறுக்காத பூமயிலே பொறுக்கிறாள். அப்படியானால் இதைப் புகை என்று எப்படிச் சொல்வது? முன்னே ஒரு கட்டுப் பீடி மூன்று நாள் வரும், இப்போது காலையில் பல் விளக்குமுன்பே பெட்டியைத் தேடுகிறேன், பொழுது சாய்வதற்குள் அடுத்த பெட்டிக்கு ராமநாதபுரம் பஸ் ஏறுகிறேன் என்பதெல்லாம் உண்மைதான். அதற்குக் காரணம் வெயில். இந்த வருஷம் வெயில் அப்படி. ஆகவே தாங்கள் ஒரு வார்த்தை, மெதுவாக, பக்குவமாக, மாரிச்செல்வியிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். உங்க அய்யா புகையை விட்டுவிட்டார், இப்போது குளிர்ச்சிதான் எடுத்துக்கொள்கிறார் என்று சொன்னால் போதும். வருகிற புதன்கிழமை நாள் நல்லா இருக்கிறது. மகளையும் பேத்தியையும் அனுப்பிவையுங்கள். தொட்டிலுக்குப் புதுக் கயிறு வாங்கி, பூமயில் அதை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டாள். முற்றத்துக் கட்டிலில் நடுவே இடம் விட்டு உட்காரப் பழகிக்கொண்டிருக்கிறோம்.

சம்பந்தியம்மாளுக்கு என் கும்பிடு. மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம், ஸ்பீக்கரைக் குறைத்துக்கொள்ளச் சொல்லவும். பேத்தியின் உச்சியில் தாங்கள் எனக்காக ஒரு முத்தம் வைக்கவும். தங்கள் மீசை குத்தாமல் வைக்கவும். தங்கள் பயிர் பச்சை விளைந்து, வீடு நிறைந்து, வாசலில் கோலம் அழியாமல் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி
சின்னக்கருப்பன்

பி.கு.: இதை மடித்து, கவர் ஒட்டச் சோற்றுப் பருக்கை கேட்டுப் பூமயிலைக் கூப்பிட்டேன். அவள் பருக்கையோடு பச்சைப் பெட்டியையும் கொண்டுவந்து கவிழ்த்துக் காட்டினாள். காலி. இன்று வெள்ளிக்கிழமை, பாக்கர் கடையை அடைத்துத் தொழுகைக்குப் போயிருப்பார். மத்தியான பஸ்ஸும் போய்விட்டது. “குளிர்ச்சிதான, இல்லாம இருந்துட்டுப் போவோம்” என்றேன். கொஞ்ச நேரத்தில் நான் காலிப் பெட்டியை மறுபடியும் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன், பூமயில் ஒன்றுமில்லாததற்குப் பசுவைத் திட்டினாள். குளிர்ச்சிதானே வேண்டும் என்று புதினா மிட்டாயை ஆளுக்கு இரண்டாக வாயில் போட்டோம். தைலத்தை எடுத்து மூக்கிலும் தொண்டையிலும் தேய்த்தோம். கண்ணில் நீர் கொட்டுகிற அளவுக்குக் குளிர்ந்தது. ராமேசுவரத்துக் கிணறு அத்தனையும் வாய்க்குள் இருந்தது. ஆனால் கேட்டது அது இல்லை, சம்பந்தி. குளிர்ச்சி வந்து நின்றும் மனசு வேறு எதையோ தேடி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் டீக்கடைக்குப் போய் ஒரு கட்டுப் பீடி வாங்கிவிட்டேன். கொல்லையில் நின்று இழுத்தேன். பழைய எரிச்சல் எரிந்தது, பழைய இருமல் இருமியது. நாய் நன்றாகவே குரைத்தது. நான் கீழே போடவில்லை. கண்மாயும் தெரியவில்லை, பேத்தியும் தெரியவில்லை, வெறும் புகைதான் தெரிந்தது. பின்னால் பூமயில் வந்து நின்றாள். திட்டப்போகிறாள் என்று சந்தோஷமாகத் திரும்பினேன். அவள் மூக்கைப் பொத்தவில்லை. கையை நீட்டி, “இங்கன குடுங்க” என்றாள். ஒரு இழுப்பு இழுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். மூச்சு வந்ததும் மறுபடியும் கையை நீட்டினாள். முன்னே இந்த வீட்டில் புகைக்கிறவன் ஒருத்தன் இருந்தான். இப்போது இரண்டு பேர், அதில் ஒருத்தியை நான்தான் இழுத்துவிட்டேன்.

ஆகவே மேலே எழுதியது எதையும் நம்ப வேண்டாம். புதன்கிழமை பிள்ளையை அனுப்பவே வேண்டாம். நானே வந்து கூப்பிட்டாலும் அனுப்பாதீர்கள். நாளைக் காலை முதல் பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் பாக்கர் சொன்ன அந்த ஆஸ்பத்திரி ரூமுக்குப் போகிறோம். தொட்டில் கயிற்றைப் பூமயில் கழற்றி மடித்துப் பரணில் வைத்துவிட்டாள். இந்தக் கடிதத்தை மாட்டுக் கொட்டத்தில் ஒளிந்து வாசிக்க வேண்டாம். வீட்டுக்குள் நின்று, அடுப்படி வரை கேட்கிற மாதிரி வாசியுங்கள். பேத்தி தூங்கிக்கொண்டிருந்தால் மட்டும் கொஞ்சம் மெதுவாக வாசிக்கவும்.